ஆங்கிலத்தில் ஒரு வகையைப் பொதுவாகச் சொல்லும்போது 'எ'யா (a), 'தி'யா (the)?

தமிழில் 'நாய் நன்றியுள்ள விலங்கு' என்றால் போதும். அந்தப் பழக்கத்திலேயே 'டாக் இஸ் எ ஃபெய்த்ஃபுல் அனிமல்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர்ச்சொல் ஒருமையில் தனியாக நிற்காது. 'எ டாக்', 'தி டாக்', அல்லது பன்மையில் வெறும் 'டாக்ஸ்'. இந்த வாக்கியத்தில் மூன்றும் சரிதான். எல்லா இடத்திலும் அப்படியல்ல என்பதுதான் சிக்கல்.

பெயர்ச்சொல்லை விடுங்கள், பயனிலையைப் பாருங்கள். 'எ' என்றால் அந்த வகையில் எந்த ஒன்றை எடுத்தாலும் என்று பொருள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருந்தும் இயல்பைச் சொல்ல அது ஏற்றது: 'எ ஸ்பைடர் ஹேஸ் எய்ட் லெக்ஸ்'. ஆனால் 'எ டோடோ இஸ் எக்ஸ்டிங்ட்' தவறு. ஒரு பறவை சாகலாம், அற்றுப்போவது இனம். எனவே 'தி டோடோ இஸ் எக்ஸ்டிங்ட்'. கண்டுபிடிப்புகளும் இப்படியே: 1876இல் பெல் காப்புரிமை பெற்றது 'தி டெலிஃபோன்'. 'எ கம்ப்யூட்டர் இஸ் பாப்புலர்' என்பதும் ஒட்டாது. பிரபலமாக இருப்பது ஒவ்வொரு கணினிக்கும் உரிய இயல்பு அல்லவே! அங்கே 'கம்ப்யூட்டர்ஸ் ஆர் பாப்புலர்'.

உடலுறுப்பு, இசைக்கருவி என்றால் 'தி' இயல்பாக வரும்: 'தி ஹார்ட் பம்ப்ஸ் பிளட்', 'ஷி பிளேஸ் தி வயலின்'. ஆனால் எல்லோரும் ஒரு வகையாக அறிந்த பொருளுக்குத்தான் இது செல்லும். 'தி க்ரீன் பாட்டில் ஹேஸ் எ நேரோ நெக்' என்றால், எந்த பாட்டில் என்று கேட்பார்கள். தவிர, இந்த 'தி'யில் கொஞ்சம் கலைக்களஞ்சிய வாடை உண்டு. பேச்சில் பன்மையே இயல்பு.

பிடிக்கும், பிடிக்காது என்னும்போதும் பன்மைதான்: 'ஐ லைக் டாக்ஸ்'. 'ஐ லைக் எ டாக்' என்றால் ஏதோ ஒரு நாயைப் பிடித்திருக்கிறது என்று ஆகிவிடும். அதற்காகப் பன்மைக்கு முன் 'தி' சேர்க்காதீர்கள். 'தி டாக்ஸ்' ஏற்கெனவே பேசிய குறிப்பிட்ட நாய்கள். 'தி ரிச்' (பணக்காரர்கள்) போன்றவை விதிவிலக்கு: 'தி' வந்தாலும் பொதுப்பொருள்தான், வினை பன்மையில் வரும்.

வாட்டர், கோல்ட், ஹானஸ்டி போன்ற எண்ண முடியாதவற்றுக்குப் பொதுக்கூற்றில் எதுவும் வேண்டாம். 'மேன் இஸ் மார்ட்டல்' என்பதைக் காட்டி 'டாக் இஸ்' என்று வாதாட முடியாது. மனித இனம் என்ற பொருளில் அந்த ஒரு சொல்லுக்குப் பழைய சலுகை அது. இன்று அங்கும் 'ஹியூமன்ஸ்' என்றே பலர் எழுதுகிறார்கள்.