பீச் வீட்டை ஏன் விக்கிறாங்க

கடற்கரை ரிசார்ட் ஏரியால வீடு வச்சிருக்கவங்க அதை வித்தா எல்லாரும் "நல்ல ரேட் வந்துருக்கும்"னு சொல்லிட்டுப் போயிடுறாங்க, அது பாதிதான் உண்மை. நாங்களும் போன மாசம் வித்தோம், அதனால சொல்றேன்.

முதல் எதிரி உப்புக்காத்து. ஜன்னல் கொண்டியைத் தொட்டா விரல்ல துரு ஒட்டும், ஏசி அவுட்டோர் யூனிட் தகடு கையோட உதிரும். அதையெல்லாம்கூட மாத்திக்கலாம், ஆனா உப்பு கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைப் பிடிச்சிடுச்சுன்னா துரு ஏற ஏற கம்பி உப்பி கான்கிரீட்டை வெளிய தள்ளும், பால்கனி அடியில பேர்ந்து விழுந்து கம்பி தெரிஞ்ச அன்னைக்குத்தான் அப்பா முதல்முறையா வித்துடலாம்னு சொன்னார்.

அப்புறம் வாடகை. சீசன்ல ஆள் நிரம்பி வழியும், ஆஃப் சீசன்ல மாசக்கணக்கா பூட்டு. ஆனா மெயின்டனன்ஸ், வரி, இன்சூரன்ஸ் எதுவும் நிக்காது. பிள்ளைங்க பெருசாயிட்டா போறதே அபூர்வம், போற 2 நாளும் கிளீனிங்லயே போயிடும்.

கடல்மட்டமும் ஏறிட்டுதான் இருக்கு. ஐபிசிசிங்கிற ஐ.நா. காலநிலை மாற்றக் குழுவோட அறிக்கைப்படி உலக சராசரியா 1901லேர்ந்து 2018க்குள்ள சுமார் 20 சென்டிமீட்டர். எல்லா கரையும் அரிக்காதுதான், ஆனா வாங்க வந்தவங்க வியூவைப் பாக்குறதுக்கு முன்னாடி தண்ணி எவ்ளோ தூரம்னு கேட்டாங்க.

தயவுசெஞ்சு விக்கிறவங்களை பணத்தாசைன்னு பேசாதீங்க. அம்மா கடைசியா ஒருதடவை வீடு முழுக்க மணலைக் கூட்டிட்டுத்தான் சாவியைக் குடுத்தாங்க, வித்த வீட்டுக்கு எதுக்கும்மான்னு கேட்டேன், பதிலே சொல்லல.