குழந்தைகள் வார்டுக்கு டேப்லெட்: எதற்குப் பணம் கேட்க வேண்டும்?

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் படிப்பு விட்டுப்போகாமல் இருக்க ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்களின் முதல் பட்ஜெட்டில் டேப்லெட் மட்டும்தான் இருக்கும். அதற்குப் பணமும் சீக்கிரம் சேர்ந்துவிடும். ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான ஏ.எல்.எல்.லுக்குச் சிகிச்சையே இரண்டு, இரண்டரை வருடம் இழுக்கும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அதற்குள் டேப்லெட்கள் சார்ஜ் இறங்கி சிஸ்டர் மேஜை டிராயருக்குள் போய்விடும்.

20 படுக்கை வார்டுக்கு ஒரு தோராயக் கணக்கு. டேப்லெட் 8 போதும். எந்த நேரமும் சில குழந்தைகள் தூக்கத்தில், சிலர் வாந்தியில், சிலர் ஸ்கேனில் இருப்பார்கள். ஒன்று 13,000 ரூபாய் வீதம் 1,04,000. உறை, ஹெட்போன், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 20,000. பூட்டு வைத்த சார்ஜிங் அலமாரி 12,000. இன்டர்நெட் இல்லாமலே பாடம் ஓட ஆஃப்லைன் சர்வரும் ரவுட்டரும் 15,000. ஆக 1,51,000. இனி வருடச் செலவு: பகுதிநேர ஆசிரியருக்கு மாதம் 15,000 என்றால் 1,80,000, டேட்டா 6,000, துடைக்கும் பொருட்கள் 12,000, உடையும் இரண்டு டேப்லெட்டுக்கு மாற்று 26,000. மூன்று வருடத்துக்கு மொத்தம் 8,23,000 ரூபாய். முதலில் வாங்கும் சாமான்களின் பங்கு இதில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. கேட்கிற தொகை இதுவாக இருக்கட்டும்.

சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்பு நிதி கேட்டுக் கம்பெனிகளிடம் போனால் "சம்பளத்துக்கு சி.எஸ்.ஆரில் தர முடியாது, பொருளாகக் கேளுங்கள்" என்பார்கள். இது தவறான புரிதல். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத உச்சவரம்பு உண்டு, உண்மைதான். அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கு. கல்வித் திட்டத்தில் பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் திட்டச் செலவு என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021 விளக்கத்தில் சொல்லியிருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். "தொடர் திட்டம்" என்ற வகையில் கேட்டால், தொடங்கும் வருடம் போக மேலும் மூன்று நிதியாண்டுகளுக்கு ஒப்புதல் வாங்க முடியும். உங்கள் அறக்கட்டளைக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவும் (சி.எஸ்.ஆர். பணம் வாங்க அமைச்சகத்தில் செய்யும் பதிவு) மூன்று வருட அனுபவமும் இல்லையென்றால், இருக்கிற ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பதே வழி.

தனிநபர்களிடம் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி என்பார்கள்) பற்றி அளவாகப் பேசுங்கள். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ, பொருளாகவே வாங்கிக் கொடுத்தாலோ கிடைக்காது. வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேட்டுவிட வேண்டும். இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர், கனடா குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது.

டேப்லெட் 8 அங்குலத்தில் வாங்குங்கள். 10 அங்குலம் அரைக் கிலோவை நெருங்கும்; புறங்கையில் ஊசி போட்டு பிளாஸ்திரி சுற்றியிருக்கும் பிள்ளை அதை மறு கையால் மட்டும் எவ்வளவு நேரம் பிடிக்கும்? கட்டில் கம்பியில் மாட்டும் வளையும் ஸ்டாண்டு அதனால்தான் கட்டாயம். உறை வழவழப்பான சிலிகானாக இருக்க வேண்டும். துணி உறையும் ஸ்பான்ஜ் ஹெட்போனும் வேண்டாம்; வெள்ளணு குறைந்து எளிதில் தொற்று பிடிக்கும் குழந்தைகள் மாறி மாறித் தொடும் சாமான், ஒவ்வொரு கை மாறும்போதும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தாக வேண்டும். நேரே ஸ்பிரே அடித்தால் ஸ்பீக்கர் துளை வழியே உள்ளே இறங்கும். பிளீச் கலந்த வைப்ஸ் திரையின் மேல்பூச்சை அரித்துவிடும்.

படுக்கையில் சார்ஜ் போட விடாதீர்கள். அந்த பிளக் மருந்தை நரம்பில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்புக்கு உரியது. போதாததற்கு, குழந்தை புரண்டு படுத்தால் முதலில் போவது சார்ஜிங் போர்ட்தான்.

மருத்துவமனை வைஃபை ஓடிபி கேட்கும், பாதியில் வெளியே தள்ளும். ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற சின்னக் கணினியில் கோலிப்ரி என்ற இலவசப் பாட மென்பொருளைப் போட்டு வார்டுக்குள்ளேயே சர்வராக வைத்தால் இன்டர்நெட் இல்லாமலே பாடம் ஓடும். தமிழ்நாட்டுப் பாடநூல் பிடிஎஃப்களையும் ஏற்றிவிடலாம். வேலூர் மாதிரி ஊரென்றால் வங்காளிப் பிள்ளைகளும் இருப்பார்கள், வங்க மொழிப் பாடமும் வேண்டும்.

அரசு மருத்துவமனையாக இருந்தால் டீனிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, டேப்லெட்டை இரவலாகக் கொடுங்கள். உரிமை அறக்கட்டளையிடமே இருக்கட்டும். நன்கொடையாகக் கொடுத்து ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால், ஒரு போர்ட் மாற்றவும் கோப்பு நகர வேண்டும்.