தாத்தாவின் கணக்கு நோட்டு

நேற்று தாத்தாவுக்குப் பதினாறு முடிந்தது.

செங்கோட்டையிலேயே பிறந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தவர். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை படித்ததெல்லாம் மலையாளத்தில். "வீடு மாத்தல, ராஜ்ஜியம்தான் மாறுச்சு" என்பார்.

பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் பிடித்து, மீட்டர் கேஜ் ரயிலில் புனலூருக்குக் கொண்டுபோய் விற்றுத்தான் நான்கு பிள்ளைகளைக் கரையேற்றினார். பதின்மூன்று கண் பாலம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பாராம், தினமும் போகிற மனுசன்! 2010-ல் அந்த ரயில் நின்றபோது வீட்டில் ஒருவர் இறந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். 2018-ல் அகலப்பாதை வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "வேகமா போயிட்டான், பாலத்தைப் பார்க்கவே விடல" என்று ஒரே புகார். சரி, அவருக்கு எதுதான் திருப்தி?

கணக்கையெல்லாம் மலையாளத்தில்தான் எழுதுவார், பாட்டிக்குப் புரியக்கூடாதென்று. நேற்று பக்கத்து வீட்டுச் சேச்சியை வாசிக்கச் சொன்னோம். பழைய நோட்டின் முதல் வரி: வீட்டுக்காரியிடம் வாங்கியது, ஐந்து ரூபாய். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவே இல்லை.

பாட்டி சிரித்துவிட்டாள். "அஞ்சு இல்லலே, பத்து."