தெரிந்த நாள் யாருடையது?

நாம் இறக்கப்போகும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் என்ன செய்வோம் என்ற கேள்வியை எண்ணிப் பார்க்காதவர்கள் குறைவு. வேலையை விட்டுவிடுவேன், காசிக்குப் போவேன், பல ஆண்டுகளாகப் பேசாமல் இருக்கும் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவேன் என்று ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறோம். அந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு: நாள் தெரிந்த மனிதன் அங்கே தன்னந்தனியாக நிற்கிறான், தெரிந்ததை வைத்து என்ன செய்வது என்பதை அவன் ஒருவனே முடிவு செய்கிறான். பரம்பரையாக வரும் மூளை நோயான ஹன்டிங்டன் நோயைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். புற்றுநோயால் இறந்த என் சித்தப்பாவின் கடைசி மாதங்களை அருகிலிருந்து பார்த்தும் இருக்கிறேன். இவ்விரண்டுக்கும் பிறகு அந்தக் கற்பனையை என்னால் நம்ப முடியவில்லை. ஒருவருடைய இறப்பைப் பற்றிய அறிவு ஒருவரிடம் மட்டும் இருந்துவிடுவதில்லை. அது குடும்பத்துக்குள் வந்து இறங்குகிறது, யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்ற கேள்வியாகத்தான் அது வாழ்க்கையை முதலில் மாற்றுகிறது.

ஹன்டிங்டன் நோயை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. எந்த நோயால் இறப்போம் என்பதை நோய் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, முழு உடல்நலத்தோடு இருக்கும்போதே, ஒரு இரத்தப் பரிசோதனை சொல்லிவிடக்கூடிய நோய்கள் மிகச் சில. அவற்றில் நன்கு ஆராயப்பட்டது இது. மூளையின் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் இந்த நோய் பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தலைகாட்டும். கைகால்கள் தம் போக்கில் அசையத் தொடங்கும், நினைவு குலையும், குணம் மாறும். அதன்பின் பதினைந்து இருபது ஆண்டுகளில் இறப்பு. தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. இதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

இந்த நோயின் வரலாற்றை ஒரு குடும்பத்தின் கதையாகவே சொல்லிவிடலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1968-ஆம் ஆண்டு லியனோர் வெக்ஸ்லர் என்ற பெண்மணி தெருவைக் கடந்துகொண்டிருந்தார். அவருடைய தள்ளாட்டத்தைப் பார்த்த காவலர் ஒருவர், காலையிலேயே குடித்திருக்கிறாயா என்று கேட்டார். லியனோர் குடித்திருக்கவில்லை. அவருடைய தந்தையையும் மூன்று சகோதரர்களையும் கொண்டுபோன நோய் அவரிடமும் வந்திருந்தது. அவருடைய முன்னாள் கணவரும் உளப்பகுப்பாய்வாளருமான மில்டன் வெக்ஸ்லர், இளம் வயதிலிருந்த மகள்கள் ஆலிஸையும் நான்சியையும் அழைத்து, அம்மாவுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதையும், அது அவர்கள் இருவருக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை என்று சகோதரிகள் இருவரும் முடிவெடுத்தார்கள். அம்மாவின் நோய் மகள்களின் எதிர்காலத்தை இப்படித்தான் தொட்டது. அப்போது அவர்கள் உடம்பில் எந்த அறிகுறியும் கிடையாது.

நான்சி இந்த நோயை ஆராய்வதையே தன் வாழ்க்கைப் பணியாக எடுத்துக்கொண்டார். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரை ஊர்களில் இந்த நோய் உலகில் வேறெங்கும் காணாத அளவுக்குப் பரவியிருந்தது. 1979-இல் முதன்முறையாக அங்கே சென்ற அவர், பின்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் ஒரு குழுவோடு போய்வந்து, பத்துத் தலைமுறைகளைச் சேர்ந்த 18,000-க்கும் மேற்பட்டவர்களின் வம்சாவளியைத் தொகுத்தார். அந்த மக்கள் கொடுத்த இரத்தத்தின் உதவியால், நோய்க்குக் காரணமான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்பதை 1983-இல் மரபியல் ஆய்வாளர் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு கண்டது. மரபணுவே கையில் கிடைக்க 1993 ஆயிற்று. அதில் மரபணுவின் வேதி எழுத்துகளாலான ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அது நாற்பது முறைக்கு மேல் வந்தால், இயல்பான ஆயுள் இருக்குமானால், நோய் வந்தே தீரும். எண்ணிக்கை கூடக் கூட நோய் தொடங்கும் வயது பொதுவாகக் குறையும். சித்திரகுப்தனின் ஏட்டை மனிதக் கண் படித்ததற்கு இவ்வளவு நெருக்கமான இன்னொன்றை நான் அறியேன்.

இதில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி, முதல் பரிசோதனை நடந்த விதம். 1983-க்கும் 1993-க்கும் இடைப்பட்ட காலத்தில் மரபணு இருக்கும் இடத்தின் அருகிலிருக்கும் அடையாளம் மட்டுமே தெரியும்; அந்த அடையாளத்தை வைத்து ஒருவருக்கு முடிவு சொல்ல வேண்டுமானால், நோயுற்ற உறவினர்களுடைய இரத்தமும் நலமாக இருக்கும் உறவினர்களுடைய இரத்தமும் வேண்டும். தன் விதியை அறிய விரும்பிய ஒருவர் பெரியம்மாவிடமும் மாமாவிடமும் சென்று, எனக்காக இரத்தம் கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. குடும்பம் மறைத்து வைத்திருந்த நோயை ஒருவர் பொருட்டு எல்லோரும் வாய்திறந்து பேச வேண்டிய நிலை. பிறகு வந்த நேரடிப் பரிசோதனைக்கு ஒருவரின் இரத்தம் போதும். ஆனால் முடிவு அப்போதும் ஒருவரோடு நிற்பதில்லை. தாத்தாவுக்கு நோய் இருந்தது, அப்பா தெரிந்துகொள்ள விரும்பவில்லை, மகன் மட்டும் பரிசோதனை செய்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மகனுக்கு இருக்கிறது என்று வந்தால் அப்பாவுக்கும் இருக்கிறது என்பது அந்த நொடியே உறுதியாகிவிடுகிறது. அறியாமல் வாழும் உரிமை அப்பாவுக்கு உண்டு, அறிந்துகொள்ளும் உரிமை மகனுக்கு உண்டு. ஒன்றைக் காத்தால் மற்றொன்று போய்விடும் நிலைக்கு எந்த மருத்துவரிடமும் முழுமையான விடை இல்லை. மகன் மௌனமாக இருக்கலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் எதிரில் அமர்ந்து அவர் கைநடுக்கத்தைக் கவனித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மௌனம் அது.

பரிசோதனை வருவதற்கு முன்னால் இத்தகைய குடும்பத்தினரிடம் கேட்டபோது, வந்தால் செய்துகொள்வோம் என்று சொன்னவர்களே அதிகம். வந்த பிறகு செய்துகொண்டவர்கள் பல நாடுகளில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை. நான்சி வெக்ஸ்லரும் தன் நிலையைப் பற்றிப் பல பத்தாண்டுகள் பொதுவெளியில் எதுவும் சொல்லாமலே இருந்தார். 2020-இல், தன் எழுபத்து நான்காம் வயதில், தனக்கும் அந்த நோய் இருக்கிறது என்பதை அவர் உலகுக்குச் சொன்னார். பரிசோதனைக்கு வழிவகுத்த கண்டுபிடிப்பில் முதன்மையான பங்கு வகித்த ஒருவருடைய அந்த நீண்ட மௌனத்தை நான் அச்சமாகப் பார்க்கவில்லை. தனக்கு வேண்டிய அளவு அறிவோடு, தனக்கு வேண்டிய அளவு அறியாமையையும் காத்துக்கொண்டு ஒரு மனிதர் பயனுள்ள வாழ்க்கை வாழ முடியும் என்பதற்கு அது சாட்சி.

அறிந்துகொண்டவர்கள் உடைந்துபோனார்களா என்றால், பெரும்பாலோர் உடையவில்லை. கனடாவில் நடந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கெட்ட செய்தி கேட்டவர்கள்கூட, முடிவே தெரியாமல் நின்றவர்களைவிட மன அமைதியோடு இருந்தார்கள். உலகம் முழுவதும் பரிசோதனை செய்துகொண்ட 4,527 பேரைப் பற்றி 1999-இல் வெளியான தொகுப்பில், தற்கொலை, தற்கொலை முயற்சி, மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிலை ஆகிய மூன்றும் சேர்த்து 44 பேருக்கு நேர்ந்திருந்தது. ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நேர்ந்தவர்களுடைய வீட்டில் அது முழு விழுக்காடு என்பதையும் மறக்கக்கூடாது. எதிர்பாராத துன்பம் வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது: உனக்கு நோய் இல்லை என்று கேட்டவர்களில் சிலர் தடுமாறினார்கள். நாற்பதில் எல்லாம் முடிந்துவிடும் என்ற கணக்கில் திருமணத்தையும் சேமிப்பையும் படிப்பையும் தள்ளிவைத்தவர்களுக்குத் திடீரென்று முழு ஆயுள் கையில் கொடுக்கப்பட்டது. தப்பித்த தமக்கை, தப்பிக்காத தம்பியின் முகத்தைப் பார்க்கக் கூசினாள். நல்ல செய்தியும் வீட்டுக்குள்தான் வந்து இறங்குகிறது.

நம் புராணங்கள் இதை அறிந்தே எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சித்து மன்னனுக்கு ஏழு நாள் கெடு. அவன் அரசை மகன் ஜனமேஜயனிடம் ஒப்படைத்துவிட்டுக் கங்கைக் கரையில் அமர்ந்து சுகரிடம் பாகவதம் கேட்டான். நாள் தெரிந்தவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. ஆனால் எனக்கு நெருக்கமாக இருப்பது மார்க்கண்டேயனின் கதை. அதில் பதினாறு வயது என்ற எல்லையை முதலில் அறிந்தவர்கள் பெற்றோர். நூறாண்டு வாழும் அறிவிலியா, பதினாறே ஆண்டுகள் வாழும் அறிவாளியா என்று கேட்கப்பட்டுத் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்களே. மகனுடைய ஒவ்வொரு பிறந்தநாளையும் அவர்கள் எந்த மனத்தோடு கடந்திருப்பார்கள்? காரணம் தெரியாமல் அம்மா அழுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கடைசியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான். அறுபதாம் கல்யாணத்துக்கும் சதாபிஷேகத்துக்கும் திருக்கடையூர் சென்று காலனை வென்ற கதையைக் கேட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பதினாறு ஆண்டுகள் வீட்டுக்குள் நிலவிய மௌனத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அந்த மௌனத்தை நான் கும்பகோணத்தில் என் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். பாத்திரக்கடை வைத்திருந்தவர். கணையப் புற்றுநோய் முற்றிய நிலையில் தெரியவந்தபோது, அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் மகன் மருத்துவரைக் கேட்டுக்கொண்டான். அன்பினால் கேட்டது; எங்கள் ஊரில் பத்தில் ஒன்பது வீடுகளில் பிள்ளைகள் அதையே கேட்பார்கள். வயிற்றுப்புண் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அதன்பின் அந்த வீட்டில் யாரும் இயல்பாகப் பேசவில்லை. அவர் கூடத்துக்குள் வந்தால் பேச்சு நின்றது. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார்கள். சில வாரங்கள் கழித்து அவரே ஓர் இளம் மருத்துவரிடம் தனியாகக் கேட்டு, அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் மகனைக் கூப்பிட்டு, "இத்தன நாளா இத நீ ஒருத்தனே சுமந்துக்கிட்டு இருந்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் அவர் காசிக்குப் போகவில்லை. முடிந்த காலைகளில் கடைக்குப் போனார். கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வராத பாக்கிகளைக் கோடு போட்டு முடித்தார். ஊரில் இழுபறியாகக் கிடந்த நிலத்துக்குத் தம்பியோடு உட்கார்ந்து பேசி, சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மென்ட் பத்திரம் பதிவு செய்தார். சித்தியை வங்கிக்கு அழைத்துச் சென்று, "நீயே உள்ள போயி எல்லாத்தையும் முடிச்சுட்டு வா, நான் வெளிய உக்காந்திருக்கேன்" என்று சொல்லி அனுப்பினார். அதுவரை காசோலையில் கையெழுத்துப் போட்டறியாத சித்தி இன்று கடைக் கணக்கை அவரே பார்க்கிறார். நாள் தெரிந்ததால் சித்தப்பா வேறு மனிதராக மாறவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள்தான் மீண்டும் அவரோடு பேசத் தொடங்கினார்கள். அவர் முன்னால் அழவும் செய்தார்கள், அது அவருக்கு ஆறுதலாக இருந்தது என்பதை நான் கண்ணால் கண்டேன்.

மருத்துவர்கள் சொன்ன காலத்தைவிட அவர் குறைவாகவே இருந்தார். அதில் வியப்பில்லை. சிகாகோவில் இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், மருத்துவர்களின் கணிப்புகளில் ஐந்தில் ஒரு பங்கே சரியாக இருந்தது. மொத்தத்தில் நோயாளிகள் உண்மையில் வாழ்ந்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக அவர்கள் கணித்திருந்தார்கள். நோயாளியோடு நீண்ட நாள் பழகிய மருத்துவர்களின் கணிப்பு கூடுதலாகத் தவறியிருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு அந்த மருத்துவர்கள் மேல் மதிப்பு கூடியது. நாள் சொல்லும் வாயும் பாசத்துக்கு உட்பட்டதுதான்.

ஆகவே எனக்குத் தேதி வேண்டாம். ஆனால் மருத்துவருக்கும் என் வீட்டாருக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. என் மனைவி இதை ஏற்றுக்கொண்டு, தனக்கும் அப்படியே வேண்டும் என்கிறாள். எங்கள் இருவரில் யாருடைய அறிக்கை வந்தாலும் இருவரும் சேர்ந்தே பிரித்துப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். உயிர்காக்கும் கருவிகள் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்து, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அந்த ஆவணத்தையும் இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மகனுக்கு இதில் உடன்பாடில்லை. "உடம்பு முடியலன்னா கண்டிப்பா சொல்லுங்கப்பா, ஆனா எத்தன மாசம்னு மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க" என்றான். அவன் அம்மா அவனோடு வாதாடத் தொடங்கினாள். நான் அவளைத் தடுத்தேன். அவன் கேட்டதையும் அதே தாளில் அவன் பெயருக்கு நேராக எழுதியிருக்கிறோம். அவன் மனம் மாறினால் அந்த வரியை மாற்றி எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறோம்.