கம்பி மாற்ற நிதி இல்லை

கலைத்துறையின் மானியப் பிரிவில் பல ஆண்டுகள் கோப்பு பார்த்தேன். இசைக்கு அரசு என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு பள்ளியின் அலமாரிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இருப்புப் பதிவேட்டில் ‘வயலின் 20, நல்ல நிலை’ என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் கம்பி இல்லை. விற்களின் மயிரைப் பூச்சி அரித்திருந்தது. ஒன்றை எடுத்ததும் அதன் குதிரை, அதாவது கம்பிகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு, கழன்று என் கையில் விழுந்தது. சாவி கணக்கு ஆசிரியரிடம் இருந்தது. “இசை ஆசிரியர் போய் இரண்டு வருடம் ஆகிறது ஐயா. அந்த வகுப்பிலும் நான்தான் கணக்கு நடத்துகிறேன்” என்றார்.

அந்தக் கொள்முதல் கோப்பில் என் கையெழுத்தும் இருந்தது. வாங்குவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு, பராமரிப்புக்கு வேறொன்று. இரண்டாவதில் ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பின்லாந்து 1960களின் இறுதியிலேயே இசைப்பள்ளிகளுக்கான அரசு உதவியைச் சட்டமாக்கியது. அங்கே கற்பித்தல் நேரத்தைக் கணக்கிட்டு மானியம் தருகிறார்கள். எத்தனை கருவி வாங்கினீர்கள் என்பதை விட, எத்தனை மணி நேரம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதே சரியான கேள்வி என்று அதைப் படித்த பிறகுதான் எனக்குத் தெளிவாயிற்று.

எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது வானொலியில் உள்நாட்டுப் பாடல்களுக்கான ஒதுக்கீடுதான். கனடா 1971-இல் 30 விழுக்காடு உள்நாட்டுப் பாடல் என்று விதித்தது. மெட்டு, பாடியவர், பதிவான இடம், பாடல் வரி என்னும் நான்கில் பொதுவாகக் குறைந்தது இரண்டு கனடாவினுடையதாக இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நானும் ஆதரித்தே குறிப்பு எழுதினேன். ஆனால் பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பதிவுக்கூடத்தில் வயலினோடு உட்காரப்போவது, இன்று அந்த அலமாரிக்கு முன் நிற்கும் பிள்ளைதானே? இசைத்தொழில் ஒரு துறையிலும் இசைக்கல்வி இன்னொரு துறையிலும் இருந்தன. இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் சந்தித்ததை நான் பார்த்ததே இல்லை.

கருவி வாங்கும் ஒவ்வொரு ஆணையோடும் ஐந்தாண்டுப் பராமரிப்புத் தொகையும் ஓர் ஆசிரியர் பணியிடமும் சேர வேண்டும் என்று முன்மொழிவு அனுப்பினேன். முதல் முறை திரும்பி வந்தது. மறு ஆண்டு பராமரிப்புக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது.

மீண்டும் அந்தப் பள்ளிக்குப் போனேன். இருபது வயலினிலும் புதுக் கம்பி. சாவி இன்னும் கணக்கு ஆசிரியரிடமே இருந்தது.