புல் மூடிய ஐந்து ஏக்கர்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025, திங்கள்

வேலந்தாவளம் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில் உள்ள ஐந்து ஏக்கர் தோட்டத்தை வெட்டித் தர வேண்டும் என்று அதன் உரிமையாளர் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசியில் கேட்டார். "வெறும் புல்லுதானுங்க, உங்க ஸ்லாஷர் அரை நாள்ல முடிச்சிரும்" என்றார். ஸ்லாஷர் என்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் புதரை வெட்டும் சுழல்கத்தி இயந்திரம்; அதை வாடகைக்கு ஓட்டுவது என் தொழில். 2016இல் இரண்டு பருவமழையும் பொய்த்து, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கே தென்னைகள் பட்டுப்போன காலத்தில் இந்தத் தோட்டத்து மரங்களும் போயின. மரத்தை அறுத்து ஏற்றிச் சென்றவர்கள் அடிக்கட்டைகளை விட்டுச் சென்றார்கள். அதன்பின் அங்கே ஏர் இறங்கவில்லை. இப்போது இடுப்பளவு புல்லும் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் பின்னிக் கிடக்கின்றன. வெறும் புல் என்று ஒன்று இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. நடந்து பார்த்த பிறகே வாடகை பேச முடியும் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மூங்கில் கழியோடு தோட்டத்தைச் சுற்றினேன். உச்சிவெயிலில் ஒரே மட்டமாகத் தெரியும் புல், அந்த நேரத்தில் தன் மேடு பள்ளங்களைக் காட்டிவிடும். தை நெருங்கும்போது புல்லின் நிறத்தையும் படிக்கலாம்: பாறையோ கருங்கல்லோ அடியில் இருக்கும் இடத்தில் மண் ஆழமில்லாததால் புல் குட்டையாக நின்று முன்னதாகவே பழுத்துவிடுகிறது, பழைய குப்பைக்குழி இருந்த இடத்தில் அது கரும்பச்சையாக உயர்ந்து நிற்கிறது. பின்னதுதான் எனக்கு அதிக அச்சம் தருவது. குழியின் மேல்மண் இளகிக் கிடந்தால் முன்சக்கரம் திடீரென்று இறங்கும். அப்போது வண்டிக்கும் ஸ்லாஷருக்கும் நடுவே சுழலும் பி.டி.ஓ. ஷாஃப்ட் (என்ஜினின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் தண்டு) தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டிவிடும்.

தென்னங்கட்டைகள் வரிசை பிடித்து நட்டவை என்பதால் இரண்டைக் கண்டுபிடித்தால் மற்றவற்றை அடி அளந்தே தேடலாம். எட்டாண்டில் மக்கியிருக்கும் என்று நினைத்து யாரும் ஏமாறக் கூடாது. தென்னைக்கு வைரம் வெளிச்சுற்றில்தான் இருக்கிறது; நடுப்பகுதி உளுத்துப் பொந்தாகிவிட்டாலும் விளிம்பு கூராக நின்று, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் குத்தவும் முன்டயரின் வால்வைப் பிய்க்கவும் போதுமான வலுவோடு இருக்கும்.

கிழக்கு மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று நிற்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, யாரோ பால் ஊற்றிய கிண்ணத்தையும் விட்டுப் போயிருக்கிறார்கள். என் அனுபவத்தில் எந்த ஓட்டுநரும் இடித்திராத ஒரே தடை இதுதான். எல்லாக் கட்டைக்கும் மஞ்சள் பூசி வைத்தால் எங்கள் தொழில் எவ்வளவோ பிழைக்கும்.

ஜனவரி 8, புதன்

கழி காட்டாததை மனிதர்கள் காட்டுவார்கள். அந்தத் தோட்டத்தில் முன்பு களையெடுத்த ஒரு மூதாட்டி இரண்டு வீடு தள்ளி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். "ஆத்தா, அந்தத் தோட்டத்துல கிணறு ஏதும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டதும், "ரெண்டு இருந்துச்சு சாமி. ஒண்ணுல மோட்டார் வெச்சாங்க. இன்னொண்ணு கவலை ஓட்டுன கெணறு, கல்லுக்கட்டு ஒருபக்கம் சரிஞ்சு போச்சு, தண்டவாளத் துண்டு ஒண்ணு குறுக்க கெடக்கும்" என்றார். கவலை என்றால் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் பழைய முறை. உரிமையாளருக்கு ஒரு கிணறுதான் தெரியும். கையைப் பிடித்து நடக்கவைத்து அழைத்துப் போனபோது, உண்ணிப்புதர் மண்டிய ஒரு மேட்டைக் காட்டினார். கழியால் விலக்கிப் பார்த்தால் கைப்பிடிச் சுவரே இல்லாத கிணறு. அதன் வாயை உண்ணிக் கொடிகளே கூரையாக மூடியிருந்தன. ஸ்லாஷர் அங்கே எதையும் இடித்திருக்காது. டிராக்டரே உள்ளே போயிருக்கும்.

வடக்கு எல்லையில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்ததையும், கம்பியைத் திருடர்கள் பாதி அறுத்துப் போய் மீதி தரையில் கிடப்பதையும் அவரே சொன்னார். வாய்க்கால் தண்ணீர் திறக்கும் சிமெண்டுத் தொட்டியின் இடத்தையும் காட்டினார். கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடிவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கட்டளையிட்டது. இங்கே மூடியிருக்கிறார்கள், ஆனால் மூடிய கேசிங் குழாய், அதாவது துளைக்குள் இறக்கிய குழாய், தரைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மூங்கில் நட்டுச் சிவப்புத்துணி கட்டினேன்.

ஜனவரி 9, வியாழன்

இயந்திரத்தைப் பார்க்கும் நாள். மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற ஸ்லாஷரின் ஸ்லிப் கிளட்ச்சில் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லில் கத்தி மாட்டும்போது வழுக்கிக்கொடுத்து கியர் பாக்ஸைக் காப்பதுதான் அதன் வேலை. ஒட்டிக்கொண்டால் அது வெறும் இரும்புத் துண்டு. ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, சில நொடிகள் வழுக்கவிட்டு, மறுபடி அளவுக்கு முறுக்கினேன்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வைத்திருக்கும் ஸ்லாஷரில் கிளட்ச் இல்லை, ஷியர் போல்ட்தான்: மோதினால் தான் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பது. அது அடிக்கடி அறுகிறது என்று சலித்து, தலையில் 10.9 என்று பொறித்த கடினமான போல்ட்டை மாட்டினார். சென்ற ஆண்டு ஒரு சிமெண்டுத் தொட்டியில் கத்தி மோதியபோது போல்ட் அறவில்லை. கியர் பாக்ஸின் உறை பிளந்தது. அறுவதற்காகவே செய்த போல்ட் அறுவதை வெற்றி என்று கொள்ளாமல் குறை என்று எண்ணுகிறார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

கிழக்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இன்று முழுவதும் சீறியது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று. ஐந்தடி ஸ்லாஷரில் கத்திகள் 900 சுற்றுக்கு அருகில் சுழன்றால் அவற்றின் நுனி மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் கருங்கல்லைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். காய்ந்த புல்லும் இந்தக் காற்றும் சேர்ந்தால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மருந்தடிக்கும் டேங்கில் தண்ணீர் நிரப்பி, ஒரு பையனைப் பின்னால் வெகு தொலைவில் நிற்கவைத்தேன். தெறிக்கும் கல் நூறு மீட்டர்கூடப் போகக்கூடும் என்பதால் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டேன்.

முதல் வெட்டு ஒன்றரை அடி உயரத்தில், முதல் கியரில். இது புல்லை முடிக்கும் வெட்டு அல்ல, தரையைத் திறந்து பார்க்கும் வெட்டு. குறித்த கட்டைகள் எல்லாம் வெளியே வந்தன, குறிக்காதவையும் வந்தன. கத்திகளின் நடுவே, கீழே உள்ள வட்டத் தட்டு ஒரு கட்டையின்மேல் ஏறி வழுக்கி இறங்கியது. மடங்கிக்கொள்ளும் கத்தியும் இந்தத் தட்டும் சேர்ந்து கட்டையைச் சமாளித்துவிடும். கம்பிக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் இவற்றில் எதுவும் பயனில்லை.

ஜனவரி 11, சனி

தெற்கு ஓரத்தில், ஆத்தாவுக்கும் தெரியாத ஓர் இடத்தில், முள்கம்பிச் சுருள் ஒன்று மண்ணோடு புதைந்து கிடந்தது. சத்தம் மாறியதும் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டேன். என்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, ஸ்லாஷரைத் தூக்கி அடியில் கட்டை முட்டுக்கொடுத்த பிறகே கீழே கைவைத்தேன். கம்பி கத்தியில் பட்டு அறுந்து போவதில்லை. தண்டில் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏறி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை அறுக்கிறது. சீல் அறுந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போகும். அன்று மாலை வரை இயந்திரம் ஒன்றும் சொல்லாது. அடுத்த வாரம் வேறொருவர் தோட்டத்தில் கியர் பாக்ஸ் காய்ந்து பல் கருகும். கட்டையால் வரும் சேதம் அந்த நொடியே தெரிந்துவிடுகிறது, கம்பியின் சேதமோ யாருடைய நிலத்தில் வந்தது என்றுகூடத் தெரியாமல் போகிறது. ஆகவே கம்பியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலான பகையாக வைத்திருக்கிறேன்.

குறடால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். சீல் விளிம்பில் கசிவு இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

சீல் மாற்றினேன், எண்ணெய் புதிதாக ஊற்றினேன். செலவு யாருடையது என்ற பேச்சு எழுந்தது. காட்டிக்கொடுத்த தடையில் நான் மோதினால் நஷ்டம் எனது, காட்டாத தடையில் மோதினால் நிலத்துக்காரருடையது என்பது முன்பே பேசிய ஏற்பாடு. "எனக்கே தெரியாததுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?" என்றார். நிலம் அவருடையது என்றால் அதில் புதைந்த கம்பியும் அவருடையதுதான் என்றேன். சற்று நேரம் கழித்து ஒப்புக்கொண்டார்.

நாளை பொங்கல். பாலக்காடு மாவட்டத்துக்கும் அரசு உள்ளூர் விடுமுறை தந்திருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

இரண்டாவது வெட்டைத் தாழ்த்தி முடித்தேன். கிணற்றையும் கேசிங் குழாயையும் மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியையும் சுற்றி வண்டியைக் கொண்டுபோகவில்லை. தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால் கையாலேயே வெட்டினோம். வடமேற்கு மூலையில் சர்வே கல் தலை மட்டும் தெரிந்தது. கத்திக்கு அது கல், எனக்கு அது வழக்கு: 1961ஆம் ஆண்டின் கேரள சர்வே மற்றும் எல்லைச் சட்டப்படி அதைச் சேதப்படுத்துவது குற்றம். பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்து, கல் அசையாமல் இருப்பதைக் காட்டிவிட்டு, சுற்றிச் சுண்ணாம்பு பூசினேன். கிணற்றுக்கு முதலில் கைப்பிடிச் சுவர் கட்டிவிட்டுப் பிறகு வேறு எதையும் நடுங்கள் என்று உரிமையாளருக்குச் சொல்லியிருக்கிறேன். கொத்தனாரை ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்.