15 நிமிடம், ஒரு மெட்டு, ஒரு ‘நோ’

அரசியல் படங்களில் ஒலி எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது பாப்லோ லர்ராயின் 2012-இல் இயக்கிய ‘நோ’. அந்தப் படத்தின் கதாநாயகனே ஒரு விளம்பரப் பாட்டுதான் என்பேன்.

பின்னணி சுருக்கமாக: 1973-இல் ராணுவப் புரட்சியில் சிலியின் ஆட்சியைப் பிடித்த பினோசெட், மேலும் 8 ஆண்டுகள் நீடிக்கலாமா என்று 1988 அக்டோபர் 5 அன்று வாக்கெடுப்பு நடந்தது. தொடரட்டும் என்பவர்களுக்கு ‘சி’, வேண்டாம் என்பவர்களுக்கு ‘நோ’. அதற்கு முன் 27 நாட்கள், இரு தரப்புக்கும் தொலைக்காட்சியில் தினம் தலா 15 நிமிடம்.

15 நிமிடம் என்பது 900 விநாடி. எதிரணியில் இருந்ததோ பத்துக்கும் மேற்பட்ட கட்சிகள். ஆளுக்கொரு பேச்சு என்று பங்கு போட்டிருந்தால் முதல் நாளே சேனலை மாற்றியிருப்பார்கள். அவர்கள் செய்தது வேறு. பத்ரீசியோ பன்யாடோஸ் என்ற அனுபவமுள்ள அறிவிப்பாளரை உட்கார வைத்து, செய்தி நிகழ்ச்சி மாதிரி அமைத்தார்கள். அவர் குரல் ஏறாது, இறங்காது. அந்தச் சமதளம் இருந்ததால்தான் ஒரு பக்கம் கும்மாளப் பாட்டையும் மறுபக்கம் சித்திரவதைக்கு ஆளானவரின் வாக்குமூலத்தையும் வைக்க முடிந்தது. நடுவில் அந்தக் குரல் இல்லாவிட்டால் பாட்டு அலட்சியமாகவும் வாக்குமூலம் நாடகமாகவும் கேட்டிருக்கும்.

மகிழ்ச்சி வரப்போகிறது என்று சொல்லும் அந்தப் பிரதானப் பாட்டுக்கு மெட்டு ஹைமே டி அகிரே, வரிகள் செர்ஹியோ பிராவோ. சரணம் தனிக்குரல், பல்லவி கூட்டுக்குரல். ஒருவர் ஆரம்பிக்க ஊரே சேர்ந்துகொள்ளும் அமைப்பு. பயிற்சி இல்லாத தொண்டைக்கும் பல்லவி எட்டும். இதுபோன்ற பாட்டை யார் செய்தாலும் கோட்டை விடுகிற இடம் மிக்ஸிங். அன்றைய வீட்டு டிவிகள் பெரும்பாலும் மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில்; ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடித்தொனியில், அதில் ஏறக்குறைய ஒன்றும் வராது. டிரம்மை நம்பிய பாட்டு அங்கே எலும்பில்லாமல் ஒலிக்கும். தாக்குப்பிடிப்பது குரலும் கைதட்டலும்தான். அவற்றின் தெளிவு 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. கோரஸை ஸ்டீரியோவில் அகலமாகக் காட்ட ஒரு பக்கத்தின் ஃபேஸைத் திருப்பி, அதாவது ஒலி அலையைத் தலைகீழாக்கி வைப்பவர்கள் உண்டு. மோனோவில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நூறு பேர் பாடியது நாலு பேர் முணுமுணுப்பாகிவிடும். முதலில் சின்ன ஸ்பீக்கரில், மோனோவில் கேளுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நகைச்சுவையில் எனக்குப் பிடித்தது ‘நோ வால்ட்ஸ்’. ஸ்ட்ராஸின் ‘ப்ளூ டான்யூப்’ மெட்டையே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒவ்வொரு அடியும் மேலேறி நின்றதும் இரண்டு குட்டி ஸ்வரங்கள் பதில் சொல்லும். அந்த இரண்டு இடத்திலும் ‘நோ, நோ’. ஜோக்கே அவ்வளவுதான்! மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை காதுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால், இரண்டாவது அடியிலேயே பார்ப்பவர் மனசு ‘நோ, நோ’வை முந்திக்கொண்டு பாடிவிடும். வாயால் சொல்லப் பயந்த ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்க்க அது ஒரு ஒத்திகை. இதில் கெடுப்பது அவசரம். பதில் ஸ்வரத்துக்கு முன்னால் வரும் சிறு இடைவெளியை எடிட்டில் சுருக்கினால் சிரிப்பு வராது.

இதற்கு நேர் எதிர்முனையில் குவேக்கா. கைக்குட்டை ஏந்தி ஆணும் பெண்ணும் ஆடும் சிலியின் தேசிய நடனம் அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள் அதைத் தனியாக ஆடினார்கள். இசை ஜோடி நடனத்துக்கானதுதான், மாற்றவில்லை. எதிரே இருக்கவேண்டிய ஆள் மட்டும் இல்லை. சோகம் காட்டத் தனியாக வயலின் சேர்க்கிற இசையமைப்பாளர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

இனி படத்துக்கு வருகிறேன். லர்ராயின் 1983 காலத்து வீடியோ கேமராக்களைத் தேடிப் பிடித்து, முக்கால் அங்குல யூ-மேட்டிக் டேப்பில், 4:3 சட்டகத்தில் எடுத்தார். அதனால் 1988-இன் அசல் ஒளிபரப்புத் துண்டுகளும் புதிதாக எடுத்ததும் ஒட்டுத் தெரியாமல் சேர்கின்றன. படம் ஒட்டினாலும் ஒலி ஒட்டாது என்பதுதான் இந்த வேலையில் தலைவலி. பழைய டேப்பில் இரைச்சல் இருக்கும், உச்ச அலைவரிசைகள் தேய்ந்திருக்கும். உடனே இரைச்சல் நீக்கியைப் போட்டுச் சுரண்டுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகிவிடும். நல்ல வழி, புதிய ஒலியைப் பழையதை நோக்கி இறக்குவது: கீழே 100 ஹெர்ட்ஸ், மேலே 8000 ஹெர்ட்ஸ் அளவில் வெட்டி, காட்சி மாறும் இடத்துக்கு 3, 4 ஃப்ரேம் முன்னாலேயே டேப் இரைச்சலை நுழைத்துவிட வேண்டும். காது அதைச் சூழல் என்று ஏற்றுக்கொள்ளும்.

இன்னொன்று வேகம். அன்றைய சிலித் தொலைக்காட்சியில் என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 29.97 ஃப்ரேம். அதை 30 என்று எடுத்துக்கொண்டு கோப்பைத் திறந்தால் வித்தியாசம் 0.1 சதவீதம்தானே என்று தோன்றும். 15 நிமிடத் துண்டின் முடிவில் அது 0.9 விநாடி. உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்.

படத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. வெற்றியை விளம்பரக்காரர்கள் கையில் கொடுத்துவிடுகிறது. ‘நோ’ பிரச்சாரத்தை நடத்திய ஹெனாரோ அரியகாதாவும் இதைக் கண்டித்தார். புரட்சிக்குப் பின் அழிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் 1987-இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. ஒவ்வொருவரும் நேரில் போய்ப் பதிய வேண்டும். அப்படி 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிய வைத்தது வீடு வீடாக நடந்த வேலை. வாக்குச்சாவடிகளில் ஆள் நிறுத்தி, அரசு எண்ணிக்கைக்கு இணையாகத் தனி எண்ணிக்கையும் நடத்தினார்கள். அன்றிரவு அரசுத் தரப்பு முடிவுகளை இழுத்தடித்தபோது கையில் இருந்தது அந்தக் கணக்குதான். கடைசியில் விமானப்படைத் தளபதி மத்தேய், அதிபர் மாளிகைக்குள் நுழையும்போதே ‘நோ’ வென்றுவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார்.